சுங்கக்காரரின் குறிப்பேடு



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ, அந்தப் பெரியவரை நான் நேரில் பார்த்ததில்லை. சுங்கத் துறையில் அப்ரைசராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதும், பழைய நாணயங்கள்மீது தீராத பித்து உள்ளவர் என்பதும் அவருடைய மகள் சொல்லித்தான் தெரியும். எந்தப் பெட்டி வந்தாலும் திறப்பதற்கு முன்னால் அப்பா காகிதத்தைத்தான் பார்ப்பாராம். எங்கிருந்து வருகிறது, யாருடையது, எங்கே போகிறது. இந்த மூன்றுக்கும் விடை இருந்தால்தான் பெட்டியில் கை வைப்பாராம். உரைக்குத் தலைப்பு வேண்டும் என்று கேட்கத் தொலைபேசியில் அழைத்த அந்த அம்மையார், தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார் என்பது அவருக்கு இப்போதுதான் தெரியப்போகிறது.

உக்ரைன் நாட்டின் தொல்பொருள் வரலாற்றை எங்கே தொடங்குவது என்று கேட்டால், பல்கலைக்கழகத்தில் என்றோ அரண்மனையில் என்றோ நான் சொல்லமாட்டேன். கெர்ச் என்ற சிறிய துறைமுகத்தின் சுங்கச் சாவடியில் தொடங்கலாம் என்பேன். கருங்கடலும் அசோவ் கடலும் ஒன்றையொன்று தொடும் நீரிணையின் மேற்குக் கரையில், கிரைமியாவின் கிழக்கு முனையில் இருக்கிறது அந்த ஊர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் அங்கே குடியேறி, பான்டிகாபேயம் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் போஸ்போரஸ் என்ற அரசுக்கு அது தலைநகரானது. அந்த அரசின் செல்வமே தானியமும் தீர்வையும்தான். அங்கிருந்து கப்பலேறும் தானியத்துக்கு முப்பதில் ஒரு பங்கு தீர்வை. ஏதென்சு வணிகர்களுக்கு மட்டும் லெவ்கோன் என்ற அரசன் அதை விலக்கி வைத்தான். ஏதென்சின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் தம் உரை ஒன்றில் இதைச் சொல்லி, ஆண்டுக்கு, மெடிம்னஸ் என்ற கிரேக்க அளவையில், 4 லட்சம் தானியம் அங்கிருந்து வருகிறது என்றும் கணக்குக் கொடுக்கிறார். சுங்க விலக்கு அறிவிப்புக்கு 2,300 ஆண்டுப் பழமை இருக்கிறது என்பதை இங்கே வந்திருக்கும் துறை நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஊருக்கு 1811 வாக்கில் வந்து சேர்ந்தார் பால் துப்ரூக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்று, கான்டே இளவரசரின் படையில் இருந்து, தோற்று, ருஷ்யப் பேரரசில் தஞ்சம் புகுந்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்ப வழியில்லை. கையில் பணமும் இல்லை. கெர்ச்சில் சுங்கச் சாவடி வேலை கிடைத்தது. பிறகு அதை விட்டு, அந்தப் பக்கத்து உப்பேரிகளின் கண்காணிப்பாளர் ஆனார். உப்பு அன்றைக்கு அரசுக்குப் பெரிய வருமானம். அதைப் பார்த்துக்கொள்பவனுக்குச் சொற்பச் சம்பளம். இது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

ஏரிகளைச் சுற்றிப் பார்க்க அவர் நாள்தோறும் நடக்க வேண்டியிருந்தது. நடந்த வழியெல்லாம் புல் முளைத்த மண்மேடுகள். ஸ்டெப்பி என்ற புல்வெளியில் அடிவானம் வரை அவைதான் தெரியும். குர்கான் என்று அங்கே சொல்கிற புதைமேடுகள் அவை. மேடுகளுக்கு நடுவே கல் அடித்தளங்களும் சுவர் முட்டுகளும். கிரேக்கமோ லத்தீனோ அவர் படித்ததில்லை. ஆனால் சுங்கக்காரர்கள் எல்லாரையும் போல எண்ணவும் அளக்கவும் எழுதிவைக்கவும் தெரியும். 1816 முதல் சொந்த முயற்சியில் தோண்டினார். நீரிணையின் கரை நெடுக அழிந்த ஊர்களை நடந்து அளந்து வரைபடம் போட்டார். எந்த மேட்டில், எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழத்தில், எதன் மேல் எது கிடந்தது என்று பிரெஞ்சில் எழுதி வைத்தார். கண்டெடுத்ததை வீட்டில் அடுக்கினார். பயணிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே காலத்தில் ஒடேசா துறைமுகத்தில் இன்னொரு சுங்கக்காரர் இருந்தார். இவான் பிளாரம்பெர்க். ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பிறந்து, நெதர்லாந்துப் படையில் இருந்து, ருஷ்யாவுக்கு வந்தவர். ஒடேசாவின் சுங்கத் துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். துப்ரூக்சைப் போல ஏழை இல்லை. பண்டைய நாணயங்களைப் படித்துத் தேர்ந்தவர். 1825இல் ஒடேசாவிலும் 1826இல் கெர்ச்சிலும் அருங்காட்சியகங்கள் தொடங்கப்பட்டபோது இரண்டுக்கும் அவரே முதல் இயக்குநர். 1827இல் சிம்ஃபெரோபோல் அருகே வண்டியில் கட்டடக் கல்லாகப் போய்க்கொண்டிருந்த கற்களில் ஒரு புடைப்புச் சிற்பம் இருப்பதை கிரைமியத் தாத்தாரிய இளவரச வம்சத்தவர் ஒருவர் கவனித்து மீட்டார். பிளாரம்பெர்க் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். பண்டைய ஸ்டெப்பி மக்களான சித்தியர்களின் நகரம் நியாபோலிஸ் அதுதான் என்று சொன்னார். ஒரு துறைமுகத்தில் வரி வாங்கிக்கொண்டிருந்தவர் இரண்டு அருங்காட்சியகங்களுக்குத் தலைவரானது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கருங்கடலில் வந்து போகும் ஒவ்வொரு கப்பலிலும் யாரோ ஒருவர் பையில் நாணயமும் நகையும் குவளையும் வெளியே போய்க்கொண்டிருந்தன. அதை முதலில் பார்க்கும் கண் சுங்கக்காரருடையது.

துப்ரூக்சுக்கு வருவோம். அவர் பெயர் இன்றும் நிற்கக் காரணம் 1830 செப்டம்பர்.

அந்த ஆண்டு செவஸ்தபோல் நகரில் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் கலகம் வெடித்தது. அதில் ஈடுபட்ட கப்பல்படைக் குடும்பங்களைக் கெர்ச்சுக்குக் குடிபெயர்த்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டக் கல் வேண்டும். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே குல்-ஓபா என்ற மேடு இருந்தது. தாத்தாரிய மொழியில் சாம்பல் மேடு என்று பொருள். அதன்மேல் கல் குவிந்து கிடந்ததால் சிப்பாய்களை அனுப்பிக் கல் எடுக்கச் சொன்னார்கள். கெர்ச் நகரத் தலைவர் ஸ்டெம்ப்கோவ்ஸ்கி பழம்பொருள் ஆர்வலர். அவர் துப்ரூக்சை மேற்பார்வைக்கு வைத்தார். மேட்டின் வடிவத்தைப் பார்த்ததுமே உள்ளே கல்லறை இருக்கிறது என்று துப்ரூக்சுக்குப் பட்டுவிட்டது. அரசாங்கக் கணக்கில் அது கல்லெடுக்கும் வேலை. ஆனால் எந்தப் பக்கம் கல்லெடுப்பது என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்யலாமே!

வாசல் தெரிந்தது. உள்ளே செதுக்கிய கற்களைப் படிப்படியாக உள்நோக்கி அடுக்கிக் கூம்பாக மூடிய அறை. நாலரை மீட்டருக்கு நாலரை மீட்டர் இருக்கும். கட்டுமானம் கிரேக்கர்களுடையது; உள்ளே கிடந்தவர்கள் சித்தியர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ஒரு தலைவன், கழுத்தில் பொன் வளையம். அதன் இரு முனைகளிலும் குதிரை ஏறிய சித்தியர் உருவம். பக்கத்தில் வாளும் பொன் கிண்ணமும். அருகே ஒரு பெண். அவள் காதோரத் தொங்கல்களில் ஏதென்சின் ஆதீனா தேவியின் தலை. ஃபிடியாஸ் செய்த பெருஞ்சிலை அழிந்துபோன பிறகு அதன் முகத்தையும் தலைக்கவசத்தையும் அறிய நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சான்றுகளில் ஒன்று இந்த நகை. ஓரமாக ஒரு பணியாள், குதிரை எலும்போடு. வெண்கலக் கொப்பரைகளில் ஆட்டு எலும்பு.

அந்தப் பெண்ணின் காலடியில் கிடந்த குவளையைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். பொன்னும் வெள்ளியும் கலந்த எலெக்ட்ரம் உலோகம். உயரம் 13 செ.மீ.தான். நம் வீட்டுச் செம்பைவிடச் சிறியது. சுற்றிலும் தாடியும் நீள்முடியும் காற்சட்டையுமாகச் சித்திய வீரர்கள். ஒருவன் வில்லைத் தொடைக்கடியில் மடக்கி நாண் ஏற்றுகிறான். ஒருவன் மற்றவன் வாய்க்குள் விரல் விட்டுப் பல்லைப் பார்க்கிறான். வலி தாங்காமல் அவன் வைத்தியன் கையையே பிடித்துக்கொள்கிறான். இன்னொருவன் தோழன் காலில் கட்டுப் போடுகிறான். எழுத்து இல்லாத ஒரு மக்கள் கூட்டம் எப்படி உட்கார்ந்தது, எப்படி உடுத்தியது, வலித்தால் முகத்தை எப்படிச் சுளித்தது என்பதையெல்லாம் யாரோ ஒரு கிரேக்கப் பொற்கொல்லன் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறான். ஹெரோடோட்டஸ் எழுதிய சித்தியர்களைவிட இவர்கள் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்கள். பல்வலி எல்லாருக்கும் பொது என்பதாலும் இருக்கலாம்.

வேலை முடியவில்லை. கூரைக்கல் விழும் நிலையில் இருந்தது. காவல் வைத்துவிட்டு எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். இரவில் காவலர்கள் இடத்தை விட்டுப் போய்விட்டார்கள். ஊரார் புகுந்தார்கள். தரையில் சிதறிக் கிடந்த உடைத் தகடுகளை அள்ளினார்கள். பெரிய தகடுகளை வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விடிந்தபோது மிச்சம் கொஞ்சம். அந்தக் கொள்ளையிலிருந்து பின்னால் மீட்கப்பட்ட ஒன்று இன்று உலகப் புகழ்பெற்றது. 266 கிராம் எடையில், கால் மடக்கிப் படுத்த பொன் கலைமான். ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கலைமான் எங்கே கிடந்தது? தலைவன் பக்கத்திலா, சுவரோரத்திலா? தரைக்கடியில் இன்னொரு கல்லறை இருந்தது, அதிலிருந்துதான் அது வந்தது என்ற பேச்சும் உண்டு. அந்தப் பேச்சின் மூலம் கொள்ளையர் வாய்தான். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் இதை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அறைக்குள் பகலில் துப்ரூக்ஸ் பார்த்து எழுதிய பொருள்களைப் பற்றி இந்த விவாதம் பெரிதாக இல்லை. எது எதன் பக்கத்தில் கிடந்தது என்று அவர் குறித்திருக்கிறார். பகலுக்கும் இரவுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு குறிப்பேடு. என்னுடைய இன்றைய உரை முழுவதும் அந்தக் குறிப்பேட்டைப் பற்றியதுதான்.

பொன்னெல்லாம் பேரரசின் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனது. கெர்ச்சில் கிடைப்பதில் சிறந்ததைத் தலைநகருக்கு அனுப்புவது என்பது அதற்குப் பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. துப்ரூக்ஸ் 1835இல் வறுமையிலேயே இறந்தார். அவருடைய எழுத்துகளில் ஒரு பகுதி 1858இல் ஒடேசாவின் வரலாற்றுக் கழக இதழில் வந்தது. அவருடைய கையெழுத்துப் படிகள் திரட்டப்பட்டு இரண்டு தொகுதிகளாக அச்சேறியது 2010இல்தான்.

அவர் விட்டுச் சென்ற ஊருக்கு என்ன ஆனது என்பதில் நமக்கும் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. கிரைமியப் போரில், 1855 மே மாதம், பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கிப் படைகள் கெர்ச்சைப் பிடித்தன. மித்ரிடேட்ஸ் குன்றின்மேல் இருந்த அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. பெட்டிகள் உடைக்கப்பட்டு, மண்கலங்களும் கண்ணாடியும் தரையில் நொறுங்கி மிதிபட்டுக் கிடந்தன. அதைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் டங்கன் மெக்ஃபெர்சன். துருக்கிப் படைப்பிரிவின் மருத்துவத் தலைவராக அங்கே வந்தவர். அவருடைய சொந்தப் பணியிடம் நம் மெட்ராஸ் ஆர்மி. சீனத்தில் நடந்த முதல் அபினிப் போருக்கு மெட்ராஸ் படையோடு போய்வந்து அதைப் பற்றியும் புத்தகம் எழுதியவர். சூறையைக் கண்டு வருந்திய அதே மருத்துவர், அந்தக் குளிர்காலத்தில் ஆட்களை வைத்து மேடுகளைத் தோண்டினார். கண்டதை வரைந்து, அளந்து, 1857இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பொருள்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. அவரை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. எடுத்துக்கொண்டு போனவர்; ஆனால் எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதிவைத்தவர். குல்-ஓபாவில் இரவில் புகுந்தவர்களோடு அவரைச் சேர்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி சுங்கத்தை விட்டுச் சர்க்கரைக்குப் போவோம்.

போஹ்டான் ஹனேன்கோ 1849இல் பிறந்தவர். பழைய கோசாக் தலைவர்கள் வழிவந்த குடும்பம். மாஸ்கோவில் சட்டம் படித்து, நீதித் துறையில் அரசுப் பணி பார்த்து, வார்சா நீதிமன்றம் வரை போனார். 1874இல் வர்வாராவை மணந்தார். அவர் உக்ரைனின் சர்க்கரை ஆலை அதிபர் நிக்கோலா தெரேஷ்சென்கோவின் மூத்த மகள். 1880களில் ஹனேன்கோ அரசுப் பணியை விட்டுக் கீவ் நகரில் குடியேறி, மாமனார் குடும்பத் தொழிலில் இறங்கினார். பீட்ரூட் வயலும் சர்க்கரை ஆலையும் அந்தக் கால உக்ரைனின் தங்கச் சுரங்கம். அந்தப் பணத்தில் இந்தத் தம்பதி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஐரோப்பா முழுக்கச் சுற்றி ஓவியமும் சிலையும் பாரசீகப் பீங்கானும் வாங்கிக் குவித்தார்கள். கீவ் நகரில் இன்று தெரேஷ்சென்கோ தெரு என்று அழைக்கப்படும் தெருவில் அவர்கள் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம்.

பணக்காரர்கள் ஓவியம் வாங்குவதில் வியப்பில்லை. என்னைக் கவர்ந்தது வேறு. விக்கென்டி ஹ்வோய்கா என்று ஒரு செக் நாட்டுப் பள்ளி ஆசிரியர் கீவில் பிழைத்துக்கொண்டிருந்தார். 1890களில் அவர் திரிபிலியா கிராமத்தருகே தோண்டி, எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முந்திய, சுருள் கோடுகள் தீட்டிய பானைகள் செய்த ஒரு வேளாண் பண்பாட்டை வெளிக்கொண்டுவந்தார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹனேன்கோ. கிடைத்ததை எல்லாம் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கீவ் நகருக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டும் முயற்சியில் முன்னின்றார். 3,000க்கும் மேற்பட்ட தொல்பொருள்களை அதற்குக் கொடுத்தார். 1899 முதல் 1907 வரை ‘நீப்பர் கரையின் தொன்மைகள்’ என்ற பொருளில் ஆறு தொகுதிகள் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் படம். பக்கத்தில் எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்ற குறிப்பு. எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அச்சில் விடை.

அவரைக் குற்றமே இல்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கீவ் பணக்காரர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கிராமங்களில் மண்வெட்டி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். சேகரிப்பவன் கொடுக்கும் காசே அடுத்த மேட்டைத் தோண்ட வைக்கிறது. நம் ஊரில் சிலைக் கடத்தல் வழக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தை இன்னொன்றையும் பெற்றெடுத்தது. 1896இல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் 2 லட்சம் பிராங்க் கொடுத்து ஒரு பொன் மகுடம் வாங்கியது. சைத்தாஃபர்னஸ் என்ற சித்திய அரசனுக்குக் கருங்கடல் கரையின் ஒல்பியா நகரத்தார் அளித்தது என்று அதிலேயே கிரேக்கத்தில் பொறித்திருந்தது. 1903இல் ஒடேசாவிலிருந்து இஸ்ரேல் ருஹோமோவ்ஸ்கி என்ற பொற்கொல்லர் பாரிசுக்கு வந்து, செய்தது நான்தான் என்றார். நம்பாதவர்கள் முன்னால் உட்கார்ந்து அதன் ஒரு பகுதியைத் திரும்பவும் செய்து காட்டினார். என்ன அபாரமான கை! யாரோ சொல்லிக் கேட்டுச் செய்தாரே தவிர ஏமாற்றியவர் அவரில்லை. வாங்கி விற்ற வணிகர்கள்தான். லூவரின் அறிஞர்கள் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கினார்கள். எந்த மேட்டில், யார் முன்னிலையில், எப்போது கிடைத்தது என்ற காகிதத்தைக் கேட்கவில்லை. நம் அப்ரைசர் பெரியவராக இருந்தால் பெட்டியையே திறந்திருக்கமாட்டார்.

வர்வாராவைப் பற்றிச் சொல்லாமல் ஹனேன்கோவை முடிக்கக் கூடாது. கணவர் பொன்னையும் ஓவியத்தையும் பார்த்தபோது இவர் துணியைப் பார்த்தார். ஒலெனிவ்கா கிராமத்தில் நெசவுப் பட்டறை தொடங்கி, பழைய உக்ரைனிய நெசவு, பூவேலை மாதிரிகளைக் கிராமத்துப் பெண்கள் கையாலேயே மீண்டும் செய்ய வைத்தார். அது அவர்களுக்குக் கூலியும் ஆனது. 1917இல் போஹ்டான் இறந்தார். சேகரிப்பைப் பிரிக்காமல் கீவ் நகருக்கே விடவேண்டும் என்பது அவர் உயில். புரட்சியும் உள்நாட்டுப் போரும் நகரத்தை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. சேகரிப்போடு வெளிநாட்டுக்கு வந்துவிடுங்கள் என்ற அழைப்பை வர்வாரா மறுத்தார். 1918 டிசம்பரில், அப்போதுதான் பிறந்திருந்த உக்ரைனிய அறிவியல் கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பிரிக்கக் கூடாது, எங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். அடுத்த ஆண்டு போல்ஷெவிக் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. தாம் கட்டிய மாளிகையிலேயே ஓர் ஓரத்து அறையில், ஒரே ஒரு பணிப்பெண் துணையோடு வாழ்ந்து 1922இல் வர்வாரா இறந்தார். 1924இல் பெயர்ப்பலகையிலிருந்து குடும்பப் பெயரை எடுத்தார்கள். பாட்டாளி வர்க்கப் பண்பாட்டுக்கு இவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெயர் திரும்பி வர 1999 ஆனது. எங்கே போகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு எழுதிவைத்த விடை 75 ஆண்டுகள் கிடப்பில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் கெர்ச், கீவ் ஆகிய இரு ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. 1941 செப்டம்பரில் கெர்ச் அருங்காட்சியகம் தன் பொன், வெள்ளிப் பொருள்கள் 700க்கும் மேற்பட்டவற்றை ஒரு ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைத்து, நீரிணைக்கு அக்கரையில் குபான் பகுதிக்கு அனுப்பியது. போன இடத்தில் ஜெர்மன் படை வந்தது. பெட்டி காணாமல்போனது. இன்று வரை கிடைக்கவில்லை. கீவ் நகரின் ஹனேன்கோ மாளிகையிலிருந்தும் ஜெர்மானியர் பின்வாங்கும்போது அள்ளிச் சென்றார்கள். ஆனால் 1998இல் அந்த அருங்காட்சியகம் இழந்தவற்றின் பட்டியலை நூலாக வெளியிட்டது. 2013இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பியர் கூத்ரோ என்ற பிரெஞ்சு ஓவியரின் காதலர் படம் விற்பனைக்கு வந்தது. பட்டியலில் இருந்த படம். ஏலம் நின்றது. 2020இல் படம் உக்ரைனிடம் ஒப்படைக்கப்பட்டது. போனது 1943இல்.

இப்போதைய போரிலும் இதே கதை. 2022 நவம்பரில் ஹெர்சன் நகரை விட்டுப் போகும்போது ருஷ்யப் படையினர் அங்கிருந்த கலை அருங்காட்சியகத்திலிருந்து 10,000க்கும் மேற்பட்ட படைப்புகளை லாரிகளில் ஏற்றிச் சிம்ஃபெரோபோல் கொண்டுபோனார்கள். அருங்காட்சியக ஊழியர்கள் மறைத்துக் காப்பாற்றியது கணினிப் பதிவேட்டை. சுவரில் படம் போனது. படத்தின் பெயரும் அளவும் எண்ணும் நிழற்படமும் நின்றன. சிம்ஃபெரோபோலில் எடுத்த காணொளிகளில் சுவரோரம் சாய்ந்து தெரியும் சட்டங்களைப் பார்த்து, இது நம் இன்ன எண் படம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுவருகிறார்கள். மறுபக்கம், நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் அமெரிக்கச் சுங்கத்தார் அஞ்சல் பொதிகளிலிருந்து கைப்பற்றிய மூன்று பழங்கால வாள்களும் ஒரு கல் கோடரியும் 2023 மார்ச்சில் உக்ரைன் தூதரகத்திடம் கொடுக்கப்பட்டன. நாடு திரும்பின, நல்லது. எந்த மேட்டிலிருந்து பிடுங்கப்பட்டன என்று அவை வந்த பொதியில் எழுதியிருக்கவில்லை. ஒரு போர்வீரன் பக்கத்தில் 2,500 ஆண்டுகள் கிடந்த வாள், இப்போது வெறும் வாள்.

என் குறிப்பேட்டு வாதத்தைக் கடைசியாக ஒரு வழக்கில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். அங்கே அது அவ்வளவு எளிதாக நிற்கவில்லை.

2014 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஆலர்ட் பியர்சன் அருங்காட்சியகத்தில் ‘கிரைமியா: கருங்கடலின் பொன்னும் மர்மங்களும்’ என்ற கண்காட்சி திறந்தது. கீவ் நகரின் ஓர் அருங்காட்சியகமும் கிரைமியாவின் நான்கு அருங்காட்சியகங்களும் பொருள்களைக் கடன் கொடுத்திருந்தன. நான்கில் ஒன்று கெர்ச். ஆம், துப்ரூக்ஸ் வீட்டு அலமாரிகளுக்குப் பின் வந்த அதே கெர்ச் அருங்காட்சியகம். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ருஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியது. பொருள்களை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? கீவ் நகரத்துப் பொருள்கள் அந்த ஆண்டே திரும்பின. மற்றவை பெட்டிகளில் காத்திருந்தன.

நான்கு அருங்காட்சியகங்களும் வழக்குப் போட்டன. அவர்கள் சொன்னது, இந்தப் பொருள்கள் கிரைமிய மண்ணில் கிடைத்தவை, அங்கேதான் தோண்டினோம், அங்கேதான் காத்தோம், அங்கேதான் திரும்ப வேண்டும் என்பது. யோசித்துப் பாருங்கள், இது துப்ரூக்சின் வாதம். எங்கிருந்து வந்ததோ அதுதான் அதன் இடம். உக்ரைன் அரசு சொன்னது, இவை உக்ரைன் நாட்டு அருங்காட்சியக நிதியத்தின் சொத்து, நாட்டின் பொதுப் பண்பாட்டு உடைமை, கடன் கொடுத்தது உக்ரைன் நாட்டுச் சட்டத்தின் கீழ் என்பது. எங்கிருந்து என்ற கேள்விக்கும் யாருடையது என்ற கேள்விக்கும் அதுவரை ஒரே விடைதான் இருந்தது. 2014 மார்ச்சில் இரண்டும் பிரிந்துபோயின. ஒரு பொருளின் மண் ஓர் அரசின் பிடியிலும் அதன் உரிமை இன்னொரு நாட்டின் ஏட்டிலும் இருந்தால், பெட்டியை எந்தப் பக்கம் நகர்த்துவது?

ஒன்பது ஆண்டுக்கும் மேல் ஆனது. 2016இல் மாவட்ட நீதிமன்றம், 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2023 ஜூன் 9 அன்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம். மூன்றும் கீவ் பக்கமே தீர்ப்பளித்தன. கிரைமியாவின் நான்கு அருங்காட்சியகங்களிலும் இந்தப் பொருள்களை வாழ்நாளெல்லாம் துடைத்து வைத்து எண் போட்டவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர்களில் பலர் அரசியல் பேசியவர்கள் இல்லை. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். மண்ணைப் பலவந்தமாகப் பிடித்தவனுக்கு அந்த மண்ணின் பொருளும் சேர்ந்து போகும் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், குல்-ஓபாவில் இரவில் புகுந்தவர்களுக்குக் காலையில் பட்டா எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

2023 நவம்பர் 26 அன்று அந்தப் பொருள்களோடு லாரி கீவ் வந்தது. பெச்செர்ஸ்க் லாவ்ரா மடாலய வளாகத்தில் நிறுத்தினார்கள். செய்தியை உலகுக்கு முதலில் சொன்னவர்களில் உக்ரைனின் சுங்கத் துறையும் உண்டு. துறைக்குரிய நடையில்தான் சொன்னார்கள்: 565 பொருள்கள், எடை 2,694 கிலோ. பழங்காலச் சிற்பங்கள், சித்திய, சர்மாத்திய நகைகள், சீனத்திலிருந்து 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரைமியா வந்து சேர்ந்த அரக்குப் பெட்டிகள். இறக்குமதிக் காகிதங்கள் சரிபார்க்கப்பட்டன. பட்டியலும் பொருளும் ஒத்துப் பார்க்கப்பட்டன. பிறகு பெட்டிகளை லாவ்ராவில் இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் கருவூலக் கிளைக்குள் கொண்டுபோனார்கள். கெர்ச் அருங்காட்சியகத்தின் பொருள்கள் கெர்ச்சின் பதிவு எண்களோடுதான் அங்கே இருக்கின்றன, கிரைமியா திரும்பும் நாள் வரை.